சான்றுக்கேற்ற நம்பிக்கை: பெரிபெரி நோயின் வரலாறு புகட்டும் பாடம்

ஒருவன் ஒன்றை நம்புவதாகச் சொன்னால், “எவ்வளவு நம்புகிறாய்?” என்று நாம் கேட்பதில்லை. நம்பிக்கை என்பது உண்டு அல்லது இல்லை என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால், நம்முடைய நம்பிக்கைகள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல என்பது விளங்கும். நாளைக் காலையில் ஞாயிறு எழும் என்று நம்புகிறோம். மாலையில் மழை பெய்யும் என்றும் நம்புகிறோம். இரண்டும் நம்பிக்கைகளே. ஆயினும், முன்னதை நம்பி வீட்டையே பணயம் வைக்கலாம். பின்னதை நம்பி ஒரு குடையை எடுத்துச் செல்வதோடு நின்றுவிடலாம்.

நம்பிக்கைக்கு நிறை உண்டு என்றால், அந்நிறை கூடுவதும் குறைவதும் எதனால்? புதிதாக ஒரு சான்று கிடைக்கும்பொழுது, அதை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? இக்கேள்விக்கு விடை காணாதவர்கள் இரண்டு குற்றங்களுள் ஒன்றைச் செய்கின்றனர். எத்தனை சான்று வந்தாலும் பிடித்த பிடியை விடாதிருப்பது ஒன்று. நேற்றுக் கேட்ட ஒரு செய்தியைக் கொண்டு இன்று எல்லாவற்றையும் தூக்கி எறிவது மற்றொன்று. முதற் குற்றத்தைப் பழைமைவாதிகள்மீது சுமத்துவது நம் வழக்கம். சீர்திருத்தம் பேசுவோரும் இவ்விரண்டுக்கும் விலக்கானவர் அல்லர்.

இக்குற்றங்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல, உயிர்களைக் குடிப்பன. இதனை மெய்ப்பிக்கும் வரலாறு ஒன்று மலாயாவிலேயே நடந்துள்ளது. அதில் தமிழருடைய சோற்றுப் பானைக்கும் பங்குண்டு. அதனைச் சொல்லுமுன், கணக்கு ஒன்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

பாதிரியார் கண்ட கணக்கு

இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் தாமஸ் பேய்ஸ் என்றொரு கிறிஸ்தவப் பாதிரியார் இருந்தார். கணிதத்தில் வல்லவர். அவர் 1761-ம் ஆண்டில் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களுள் ஒரு கட்டுரையை அவருடைய நண்பர் ரிச்சர்டு பிரைஸ் கண்டெடுத்து, 1763-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் ராயல் சங்கத்தார் முன் படிக்கச் செய்தார். நிகழ்ந்தவற்றைக் கண்டு, அவற்றுக்குக் காரணமானது எதுவென்பதை எவ்வளவு உறுதியுடன் கூறலாம் என்பதே அக்கட்டுரையின் பொருள். பின்னர், 1774-ம் ஆண்டில், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் இதே கருத்தைத் தாமாகவே கண்டு விரித்துரைத்தார்.

அக்கணக்கின் சாரத்தை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். கிட்டங்கி ஒன்றில் பத்து மூட்டை அரிசி இருப்பதாகக் கொள்வோம். ஒன்பது நல்லவை, ஒன்று கலப்படம். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. நல்ல மூட்டையில் பத்துப் பிடி அள்ளினால் ஒரு பிடியில் கல் இருக்கும். கலப்பட மூட்டையில் பத்துக்கு ஆறு பிடியில் கல் இருக்கும். இப்பொழுது ஒரு மூட்டை நம் முன் கொண்டுவந்து வைக்கப்படுகிறது. அது கலப்படமா, நல்லதா? ஒன்றும் பாராத நிலையில் 1-க்கு 9 என்பதே நம் கணிப்பு. ஒரு பிடி அள்ளுகிறோம், கல் இருக்கிறது. கல் தோன்றுவது, நல்ல மூட்டையிலும் கலப்பட மூட்டையில் ஆறு மடங்கு எளிது. ஆகவே 1-ஐ ஆறால் பெருக்க, கணிப்பு 6-க்கு 9 ஆகிறது. இரண்டாவது பிடியிலும் கல், 36-க்கு 9. மூன்றாவதிலும் கல், 216-க்கு 9, அதாவது 24-க்கு 1. மூன்றே பிடியில், நூற்றுக்கு 10 அளவாக இருந்த ஐயம் நூற்றுக்கு 96 அளவான துணிபாகிவிட்டது. நான்காம் பிடியில் கல் இல்லையென்றால், துணிபு நூற்றுக்கு 91 அளவாகக் குறையும், மறைந்துபோகாது.

இதனின்று மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு சான்றின் வலிமை அச்சான்று எவ்வளவு வியப்பானது என்பதில் இல்லை. எதிரெதிரான இரண்டு கருத்துகளுள் ஒன்றன்படி அது எளிதாகவும், மற்றொன்றன்படி அரிதாகவும் தோன்றுகிறதா என்பதிலேயே உள்ளது. சாக்கின் நிறம் பழுப்பு என்பது சான்றாகாது. நல்ல மூட்டையும் பழுப்பே, கலப்பட மூட்டையும் பழுப்பே. இரண்டாவது, முன்பு நாம் கொண்டிருந்த கருத்துக்கும் கணக்கில் இடமுண்டு. ஐயத்தோடு தொடங்குபவனுக்குச் சான்று சற்று மிகுதியாக வேண்டும், அவ்வளவே. மூன்றாவது, “வியாபாரி என் உறவினர், அவர் கடையில் கலப்படம் இருக்கவே முடியாது” என்று தொடங்குபவனுடைய கணிப்பு சுழியாகும். சுழியை ஆறால் பெருக்கினாலும் சுழி. ஆறு லட்சத்தால் பெருக்கினாலும் சுழி. கண்மூடி நம்பிக்கை என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணம் இல்லை.

நோயும் முதல் ஊகமும்

இனி வரலாற்றுக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னரும், கிழக்காசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுவந்தது. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், முடிவில் இதயம் சோர்ந்து, திடீரென உயிர் பிரியும். மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரும், சிறைக் கைதிகளும், மனநோயாளர் விடுதிகளில் இருந்தோரும் இந்நோய்க்குப் பெரிதும் இரையாயினர்.

இது ஒருவகைக் கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றே அக்கால வைத்தியர்களுள் பலர் கருதினர். அவர்களை அறிவிலிகள் என்று இகழ்தல் தகாது. 1882-ம் ஆண்டில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்து வாந்திபேதிக் கிருமியும் அகப்பட்டது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. பேய்ஸின் கணக்குப்படி, அவர்களுடைய தொடக்கக் கணிப்பு பிழையானதன்று.

பிழை அடுத்த படியில் நேர்ந்தது. பலர் நெருங்கி வாழும் சிறை, கப்பல், படைவீடு, சுரங்கக் கொட்டகை ஆகிய இடங்களில் நோய் மிகுதியாகக் காணப்பட்டது. “பார்த்தீர்களா, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது” என்றனர். நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பினால் அவன் சில வேளைகளில் குணமடைந்தான். “பழைய இடத்தில் கிருமி இருந்தது” என்றனர். ஆனால் நெருங்கி வாழ்வோர் ஒரே உலையில் வெந்த சோற்றையே உண்கின்றனர். வேறிடம் செல்பவன் வேறு சோறு உண்கிறான். நோய் உணவால் வருவதாக இருந்தாலும் இவையாவும் இவ்வாறே நிகழும். ஆகவே, கிருமிக் கொள்கைக்கு ஆதாரமாக அடுக்கப்பட்ட இச்சான்றுகள் சாக்கின் நிறத்தைப் போன்றவை. எத்தனை சேர்ந்தாலும் தராசின் முள் ஒரு பக்கமும் சாயாது. எனினும், சான்றுகளின் தொகையைக் கண்டு, அவற்றின் வேறுபடுத்தும் ஆற்றலைக் காணாது, பலர் உறுதி கொண்டுவிட்டனர்.

கப்பலும் கோழியும் சிறையும்

ஜப்பானியக் கடற்படையில் டக்காக்கி கனேஹிரோ என்னும் வைத்தியர் இருந்தார். 1882-ம் ஆண்டின் இறுதியில் புறப்பட்ட ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நியூஸிலாந்து, தென்னமெரிக்கா வழியாக நெடும்பயணம் செய்தது. அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டனர். 25 பேர் மாண்டனர். உணவில்தான் குறை என்று கருதிய டக்காக்கி, 1884-ம் ஆண்டில் த்ஸுகுபா என்னும் கப்பலை அதே வழியில், இறைச்சி முதலியவை மிகுந்த வேறு உணவுடன் அனுப்பச் செய்தார். அக்கப்பலில் மிகச் சிலரே நோயுற்றனர், ஒருவரும் இறக்கவில்லை.

வழி ஒன்றே, கடல் ஒன்றே, மாறியது உணவு. இச்சான்று தராசின் முள்ளை அசைத்தது. கடற்படையார் உணவை மாற்றினர். நோய் அங்கே அருகியது. ஆனால் தரைப்படை வைத்திய மேலவர்கள் இதனை ஏற்கவில்லை. அதன் விளைவு 1904-1905-ம் ஆண்டுகளில் நடந்த ரஷ்ய ஜப்பானிய யுத்தத்தில் வெளிப்பட்டது. தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் துன்புற்றனர். ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர். பகைவனுடைய குண்டுகளோடு, தம்மவருடைய அசையாத நம்பிக்கையும் அவர்களைக் கொன்றது.

எனினும் டக்காக்கியின் பக்கமும் ஒரு குறை இருந்தது. புரதச் சத்துக் குறைவே காரணம் என்றார் அவர். அவர் மாற்றிய உணவிலோ பல பொருள்கள் ஒருங்கே மாறியிருந்தன. உணவில் காரணம் இருக்கிறது என்பதற்கு அவருடைய சோதனை வலிய சான்று. புரதமே காரணம் என்பதற்கு அன்று. ஒரே சான்று ஒரு கருத்தின் ஒரு பகுதியை உயர்த்தி, மறு பகுதியை இருந்த இடத்திலேயே விட்டுவிடக்கூடும் என்பதை இங்கே மனத்திற்கொள்க.

அடுத்த சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெரிபெரிக் கிருமியைத் தேடுவதற்காக டச்சு அரசாங்கம் 1886-ம் ஆண்டில் பத்தேவியாவுக்கு (இக்காலத்து ஜக்கார்த்தா) ஒரு குழுவை அனுப்பியது. அங்கேயே தங்கி ஆராய்ந்தவர் கிறிஸ்தியான் ஐக்மன். 1889-ம் ஆண்டில் அவருடைய ஆராய்ச்சிக் கோழிகள் கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே தேறின. ஆராய்ந்ததில், இராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை உண்ட காலத்தில் அவை நோயுற்றன என்பது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசியைத் தின்று அவை பிழைத்தன.

கோழிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா? இவ்வையம் முறையானதே. இதனைத் தீர்க்க, வோர்டர்மன் என்னும் டச்சு அதிகாரி ஜாவாத் தீவின் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து, 1897-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். தவிடு முற்றும் போகாத அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி இருந்தது. இருவகை அரிசியும் கலந்து வழங்கிய 13 சிறைகளுள் 6-இல் இருந்தது. வெள்ளையரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36-இல் இருந்தது. கிருமிதான் காரணம் என்றால், அது அரிசியின் நிறம் பார்த்துச் சிறைக்குள் நுழைய வேண்டிய தேவை என்ன?

ஆயினும் ஐக்மனும் தாம் கண்டதற்குமேல் ஓரடி எடுத்து வைத்தார். அரிசியின் மாவில் ஒரு நஞ்சு உண்டு, தவிடு அதனை முறிக்கிறது என்பது அவர் கருத்து. அவருக்குப்பின் ஆராய்ந்த கிரெய்ன்ஸ், அரிசியே சேராத, நெடுநேரம் மிகுந்த சூட்டில் வெந்த இறைச்சியை மட்டும் கொடுத்தாலும் கோழிகள் அதே நோயால் விழுவதைக் காட்டினார். பச்சைப்பயறு அந்நோயைத் தடுப்பதையும் கண்டார். மாவே இல்லாதபோது மாவின் நஞ்சு எங்கிருந்து வரும்? ஆகவே உணவில் இருப்பது ஒரு நஞ்சன்று. இல்லாதது ஓர் இன்றியமையாத பொருள் என்று 1901-ம் ஆண்டில் அவர் எழுதினார். ஐக்மன் பின்னர் இதனை ஏற்றுக்கொண்டார். அதனால் அவர் பெருமை குறையவில்லை. 1929-ம் ஆண்டில் நோபல் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது.

மலாயாவில் எழுந்த வழக்கு

அக்காலத்தில் செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர நாளாகும். சேர்ந்தாலும், டச்சு மொழியில் எழுதியதை ஆங்கில வைத்தியர்கள் எளிதில் படிப்பதில்லை. ஆகவே மலாயாவில் வழக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்தே நடந்தது. 1900-ம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹாமில்டன் ரைட் கிருமிக் கட்சியைச் சேர்ந்தவர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் வைத்தியரோ அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

பிராடன் கண்டது இதுதான். மலாய்க் குடியானவர் தாம் விளைத்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி உண்டனர். அவர்களுக்கு நோய் அரிது. சீனத் தொழிலாளர் சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். அவர்களுக்கு நோய் மிகுதி. தமிழரும் ஆலையில் அரைத்த அரிசியைத்தான் உண்டனர். அவர்களும் கடல் கடந்து வந்த கூலிகளே. நெருங்கிய லயங்களில் வாழ்ந்தவர்களே. வறுமையிலும் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் அவர்களுக்குப் பெரிபெரி அரிதாகவே வந்தது. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் கூறச் சொற்களைத் தேடவேண்டியிருந்தது. தமிழ்ப் பெண்ணுக்கோ பச்சரிசியும் புழுங்கலரிசியும் அன்றாட வழக்கு.

இது கூரிய சான்று. நெருக்கமும் வறுமையும் கிருமியும் காரணமென்றால் தோட்டத்து லயங்களும் தப்பியிரா. எனினும் ஐயத்துக்கு இடமிருந்தது. சீனரும் தமிழரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டனர்? இனம் வேறு, தொழில் வேறு, பழக்கவழக்கம் வேறு. இவற்றுள் எது காரணம் என்று யார் கூற முடியும்? மேலும், பழைய அரிசியில் பூஞ்சை படிந்து நஞ்சாகிறது என்ற பிராடனின் கருத்துக்குச் சான்று மெலிதாகவே இருந்தது.

இனத்தையும் இடத்தையும் விலக்கி அரிசியை மட்டும் சோதிக்க முற்பட்டவர் வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர். 1905-ம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் விடுதியிலிருந்தோரை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக எண்ணி, இரு பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதிக்குப் பச்சரிசி. மற்றொரு பகுதிக்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவு இருவர்க்கும் ஒன்றே. இடத்தில் குற்றமிருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, நடுவில் இரு பகுதியாரையும் தங்குமிடம் மாற்றினார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இறப்பு இல்லை. நோய் இடத்தைத் தொடரவில்லை; அரிசியைத் தொடர்ந்தது.

பிளெட்சரின் முடிவுரை பாராட்டுக்குரியது. பச்சரிசி நேராகவோ மறைமுகமாகவோ இந்நோய்க்குக் காரணம் என்று உறுதியாக எழுதினார். ஆனால் அது எவ்வாறு என்பதில் மூன்று வழிகளைத் திறந்து வைத்தார். அரிசியில் நஞ்சு இருக்கலாம். சத்துக் குறைவு இருக்கலாம். அல்லது குறையுணவால் தளர்ந்த உடலைக் கிருமி எளிதில் பற்றலாம். சான்று எட்டிய இடம்வரை துணிபு, அதற்கப்பால் ஐயம்.

1907-ம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் மேலும் ஒருபடி சென்றனர். ஜெலெபுப் பகுதியில், டுரியான் திப்பூஸ் என்னுமிடத்தில், காட்டினூடே பாதை போட வந்த ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்தனர். எல்லாரும் ஓரினத்தவர், ஒரே தொழில் செய்பவர், முன்னர் எவரும் குடியிராத காட்டில் புதிதாகக் கட்டிய கொட்டகைகளில் தங்கியவர். ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தோன்றியது. பின்னர் அரிசியை மாற்றினர். அதுவரை நலமாக இருந்த கூட்டத்தில் நோய் தோன்றியது. ஆய்வு முடிவில், வெள்ளையரிசி உண்டவராகக் கணக்கிடப்பட்ட 220 பேரில் 20 பேருக்கு நோய். புழுங்கலரிசி உண்டவராகக் கணக்கிடப்பட்ட 273 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால், நோயுற்ற இருபது பேரும் தற்செயலாக ஒரே பக்கத்தில் அமைதல் வேண்டும். ஒரு காசை இருபது முறை சுண்டி, இருபது முறையும் தலையே விழுவது பத்து லட்சத்தில் ஒரு முறை நிகழ்வதும் அரிது. ஆகவே தற்செயல் என்னும் கட்சி வீழ்ந்தது. ஆனால் கிருமிக் கட்சி இதனால் மட்டும் வீழாது. தொற்றுநோய் என்றால் ஒரு கூட்டத்துக்குள்ளேயே பரவி மற்றதை விட்டுவைத்தல் இயல்பே அன்றோ? அக்கட்சியை வீழ்த்தியது அரிசியை மாற்றிய செயல். அரிசி மாறியவுடன் நோயும் கூட்டம் மாறியது. எந்தச் சான்று எந்த எதிர்க்கட்சியை வீழ்த்துகிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

பின்னர் அவ்விருவரும், புதிதாகத் தீட்டிய வெள்ளையரிசியும் கோழிகளை நோயுறச் செய்வதையும், தீட்டும்போது போகும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வராததையும் கண்டனர். பழைய அரிசியின் பூஞ்சை என்ற கருத்தும் இவ்வாறு ஒழிந்தது. 1910-ம் ஆண்டில் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பநாட்டு மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது. 1912-ம் ஆண்டில் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயர் வழங்கினார். 1926-ம் ஆண்டில் ஜான்சன், டோனத் என்னும் இருவர் அச்சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். 1936-ம் ஆண்டில் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் அமைப்பை முற்றும் கண்டறிந்து, ஆய்வுச்சாலையிலேயே அதனைச் செய்து காட்டினார். இன்று அதனை ‘பி 1’ என்றும் தயமின் என்றும் வழங்குகிறோம்.

புழுங்கலரிசியின் மறைபொருள்

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கும் இச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. அதனால் பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி நிலைத்து நிற்கிறது. இதனாலேயே தோட்டத்துத் தமிழன் தப்பினான்.

இதைக் கேட்டவுடன் நம்மவர் சிலர், “பார்த்தீர்களா, நம் முன்னோர் வைட்டமினை அறிந்திருந்தனர், ஆகவே நம் பழக்கங்கள் யாவும் அறிவின்பாற்பட்டவை” என்று மார்தட்டக்கூடும். இம்முடிவு சான்றுக்கு மீறியது. நெல்லைப் புழுக்குவதால் அரிசி குத்தும்போது நொறுங்காது. நெடுநாள் கெடாமலும் இருக்கும். வைட்டமினைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் இப்பயன்களுக்காகவே நெல்லைப் புழுக்குவர். ஆகவே புழுக்கும் வழக்கம் இருந்தது என்பதைக் கொண்டு, முன்னோர் வைட்டமினை அறிந்திருந்தனர் என்று கொள்ள வழியில்லை. பயன் உண்மை, காரண அறிவு இருந்தது என்பது மட்டும் மெய்ப்பிக்கப்படவில்லை.

“நெடுங்காலமாக இருந்துவருகிறது, ஆகவே நல்லது” என்னும் வாதத்தையும் இதே தராசில் இடுக. நெல்லைப் புழுக்கும் வழக்கமும் நெடுங்காலமாக இருக்கிறது; ஒரு மனிதனைத் தொட்டால் தீட்டு என்னும் கொடுமையும் நெடுங்காலமாக நிலவியது. நல்லதும் நீடிக்கிறது, தீயதும் நீடிக்கிறது என்றால், நீடித்திருப்பது ஒன்றே நன்மைக்குச் சான்றாவது எங்ஙனம்? அதுவும் சாக்கின் நிறமே.

இதனை மறுபக்கமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். “பழையது, ஆகவே மூடத்தனம்” என்று தள்ளுவதும் அதே பிழை. அக்காலத்தில் ஆலையில் தீட்டிய வெண்ணிற அரிசியே நாகரிகத்தின் அடையாளமாக விளங்கியது. பழுப்பேறிய புழுங்கலைக் கண்டு முகம் சுளித்து அதனைத் தமிழ்த் தொழிலாளர் விட்டிருந்தால், நாகரிகத்துக்கு விலையாக உயிரைக் கொடுத்திருப்பர். பகுத்தறிவு என்பது பழைமையின்மேல் பகை அன்று. புதுமையின்மேல் காதலும் அன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே சான்றின்முன் நிறுத்திக் கேட்கும் நேர்மையே அது.

அறிவின் விலை

இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத செய்தி ஒன்றுண்டு. இச்சான்றுகளை நமக்கு அளித்தவர்கள் யார்? மறுத்துரைக்கும் நிலையில் இல்லாத மனநோயாளிகள், கொடுத்ததை உண்ண வேண்டிய ஒப்பந்தக் கூலிகள், சிறைப்பட்டோர். கோலாலம்பூர் விடுதியில் இறந்த 18 பேரின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. இக்காலத்து மருத்துவ ஒழுக்கமுறை இத்தகைய சோதனைக்கு இடங்கொடாது. டக்காக்கியின் கப்பலும் வோர்டர்மனின் சிறைக் கணக்கும் முன்னரே தராசின் முள்ளை வெகுவாகச் சாய்த்திருந்தன. அவற்றை உரிய அளவில் மதித்திருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். சான்றைப் புறக்கணிப்பவன் அதற்கான விலையைத் தானே செலுத்துவது அரிது. பெரும்பாலும் ஏழையே செலுத்துகிறான்.

ஆகவே நேயர்கள் ஒரு செய்தியைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். என் கருத்து பொய்யாக இருந்தாலும் இச்சான்று இவ்வாறே தோன்றியிருக்குமா? இச்சான்று என் கருத்தின் எப்பகுதியைத் தாங்குகிறது, எப்பகுதியைத் தாங்கவில்லை? எந்தச் சான்று வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? மூன்றாவது கேள்விக்கு “எதுவும் மாற்றாது” என்பது விடையானால், அவனிடம் இருப்பது கணிப்பு அன்று, சுழி. அது கோவிலைப் பற்றியதாயினும், கட்சியைப் பற்றியதாயினும், தலைவரைப் பற்றியதாயினும், மருந்தைப் பற்றியதாயினும் வேறுபாடில்லை.

கருத்தை மாற்றிக்கொள்வது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மேடையில் ஒருவர் நேற்றுச் சொன்னதற்கு மாறாக இன்று சொன்னால் நகைக்கிறோம். அவர் ஏன் மாற்றினார் என்று கேட்பதில்லை. ஆதாயம் கண்டு மாறுபவனும் சான்று கண்டு மாறுபவனும் ஒருவர் அல்லர். ஐக்மன் மாறினார், அறிவு வளர்ந்தது. ஜப்பானியத் தரைப்படையார் மாறவில்லை. பிள்ளைகளை இழந்த தாய்மார் அழுதனர். சான்று எவ்வளவோ அவ்வளவே நம்புவது, சான்று வளரும்போது உடன் வளர்வது, சான்று குன்றும்போது உடன் குன்றுவது ஆகிய இவையே அறிவுடையோர்க்கு அழகு. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் மக்கள் இப்பழக்கத்தைக் கைக்கொள்வார்களாயின், எந்தப் புரட்டனும் அவர்களை நெடுநாள் ஏமாற்ற இயலாது.